செப்டம்பரில் பனிக்காலப் பாதை

எல்டன் துப்பிய புகையிலைச் சாறு என் பூட்ஸில் விழுந்தது. அடுத்த ஏரிவரை தோணியைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவளின் கால் தெரியாதுதான். தெரிந்திருந்தாலும் துப்பியிருப்பான். என் கணவர் லென்னியின் தம்பி இவன். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை இருபது வருடமாக என்னால் நம்ப முடியவில்லை.

என் முதுகில் மூஸ் மானின் ஒரு தொடை, சாக்கில் கட்டி. நாளையோடு லென்னி இறந்து ஒரு வருடம். ஊரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டும். இந்த வருடம் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரே மான் இது. நேற்றே எடுத்து வந்திருக்க வேண்டும், எல்டன் தூங்கிவிட்டான். மதியத்துக்குள் புகையில் வாட்டாவிட்டால் கெட்டு நாய்க்குத்தான். வெயிலில் இறைச்சி கசிந்து, அந்த நீர் என் முதுகு வழியாக உள்ளாடைவரை இறங்கியது. ஈக்கள் சாக்குக்கும் என் காதுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை.

நல்ல பாதை பாறைமேல் சுற்றிப் போகிறது. "அது எதுக்கு அண்ணி? இப்படிப் போனா அரை மணி நேரம். நான் எத்தன தடவ வந்திருக்கேன்!" என்றான். வந்திருந்தான்தான். ஜனவரியில், பனிவண்டியில், எல்லாம் கல்லாக உறைந்து கிடக்கும்போது. இப்போது சதுப்பு இளகி, பாசி ஒவ்வோர் அடிக்கும் முழங்கால்வரை இழுத்தது. காலைப் பிடுங்கினால் அழுகிய முட்டை நாற்றம்.

"பனிக்காலப் பாதைல செப்டம்பர்ல எவனாவது வருவானாடா?"

"மரத்துல ரிப்பன் கட்டியிருக்கு பாருங்க. பாதைன்னா பாதைதான..."

முடிக்கவில்லை, இடுப்புவரை புதைந்துவிட்டான். தோணியின் மூக்கு இரண்டு மரங்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ள, சுமக்கிற குறுக்குக்கட்டை அவன் பிடரியை அழுத்தி முகத்தைச் சேற்றுக்குள் தள்ளியது. குமிழி வந்தது.

ஒரு கணம் நின்று பார்த்தேன். அதை மறைக்கப் போவதில்லை. பிறகுதான் ஓடினேன். தோணியைத் தூக்கத் தூக்க நான்தான் புதைந்தேன். காலூன்ற ஓரிடம் இல்லை.

வேட்டை இறைச்சியை நாங்கள் வெறும் தரையில் வைக்க மாட்டோம், கிளை பரப்பித்தான் வைப்போம். பெண்கள் அதைத் தாண்டவே கூடாது. தாண்டினால் மான் அந்த வீட்டுக்கு இனி வராது. நான் மூட்டையைக் கழற்றிச் சேற்றில் போட்டேன். அதன்மேல் ஏறி இரண்டு காலாலும் நின்றேன். மெத்தென்று அமுங்கி, பிறகு தாங்கியது. தோணி எழுந்தது.

எல்டன் சேற்றையும் புகையிலையையும் சேர்த்து வாந்தி எடுத்தான். மூக்கிலிருந்து கறுப்பாக ஒழுகியது. திரும்பிக்கொள்ளத்தான் தோன்றியது.

"கறி எங்க அண்ணி?"

"என் காலுக்குக் கீழ."

மரத்தைப் பற்றித் தவழ்ந்து வந்து, நான் இறங்கியதும் மூட்டையைத் தன் மடிக்கு இழுத்தான்.

"நான் எதையும் பாக்கல," என்றான், கறுத்த பல்லோடு. "நீங்களும் எதையும் சொல்லாதீங்க."

சாக்கில் என் பூட்ஸ் தடம் இரண்டும் ஆழமாகப் பதிந்திருந்தன. அவன் ஒன்றை உள்ளங்கையால் தேய்த்து நிரவினான். கையை எடுத்ததும் அந்தத் தடத்தில் சிவப்பு நீர் மறுபடி ஊறியது.