மேல் அடுக்கில் என் சம்பளம்

எழுபதாம் ஆண்டின் வசந்தத்தை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது ஹெட்விக் வீட்டுக் காபி வாசனைதான். லாண்ட்ஸ்க்ரூனா என்ற துறைமுக ஊரில் ஒரே படிக்கட்டுக் குடியிருப்பு. அவள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. காலை பத்து மணிக்கு நான் கீழே இறங்கிவிட வேண்டும். பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்துக்கொண்டு, காபியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சுவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் அந்தச் சத்தத்தைப் பற்றி நான் வாயைத் திறக்க முடியாது. என் ஏலக்காய் பன் கருகினால் மட்டும் ஊரே கேட்கிற மாதிரி சொல்வாள். அவள் கணவர் கப்பல் எஞ்சினியர், வருடத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். அந்த வீட்டுக்குள் தினமும் நுழைந்த ஒரே ஆள் நான்தான்.

கல்யாணத்துக்கு முன்பு நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தேன். மகள் பிறந்த பிறகும் ஒரு வருடம் போனேன். என் கணவன் டூரேக்குக் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அன்றைய சட்டப்படி மனைவி சம்பளத்தைக் கணவன் சம்பளத்தின் மேல் அடுக்குவார்கள். மேலே போகப் போக வரி ஏறும். என் முதல் காசே டூரேயின் கடைசிக் காசுக்கு மேலே போய் உட்கார்ந்து, அந்தப் பெரிய வரியைக் கட்டும். குழந்தையைப் பார்த்துக்கொண்டவளுக்குக் கொடுத்தது போக, ஒரு ஜோடி காலுறை வாங்கத்தான் மிஞ்சியது.

"நீ வேலைக்குப் போறதே கவர்மெண்டுக்குச் சேவை பண்ணத்தான்," என்று டூரே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விட்டேன். எட்டு வருடம் ஓடியது.

அந்த வசந்தத்தில்தான் சட்டத்தை மாற்றப் போவதாகப் பேச்சு வந்தது. இனி அவரவர் சம்பளத்துக்கு அவரவர் தனியாக வரி. என் சம்பளம் கீழ் அடுக்கிலிருந்து தொடங்கும். பெண்கள் சம்பாதிக்க வரட்டும் என்பது கணக்கு. கூடவே, வீட்டில் இருக்கும் மனைவிக்காகக் கணவனுக்குக் கிடைத்த சலுகை குறையும். ரேடியோவில் கேட்டதும் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். ஆள் கிடைக்காமல் திண்டாடிய மருத்துவமனை அப்போதே விண்ணப்பம் வாங்க ஆரம்பித்திருந்தது. மறுநாளே ஒன்றை நிரப்பித் தபாலில் போட்டேன். ஹெட்விக்கிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? அவள் பொங்கிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தஞ்சு வருஷமா தனியாளா வீட்டைக் கட்டிக் காத்திருக்கேன். இவனுங்களுக்கு நான் சோம்பேறியாத் தெரியறேனாடி?"

சட்டத்தை எதிர்த்து வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். தாளை என் முன்னால் நீட்டியபோது நானும் கையெழுத்துப் போட்டேன். பார்ப்ரூ லிண்டெல் என்று என் முழுப் பெயரை, அழகாக.

"நீ ஒருத்தி இருக்கேங்கறதுதான் எனக்குத் தெம்பு," என்றாள்.

மாடி ஏறும்போதுதான் உறைத்தது. விண்ணப்பத்தின் கடைசி வரியில், என்னை நன்றாக அறிந்தவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டிருந்தார்கள். நூலகச் சீட்டோ, மகளின் நீச்சல் வகுப்போ, அந்த இடத்தில் நான் எப்போதும் எழுதுவது ஹெட்விக் பெயரைத்தான். இதிலும் பழக்கத்தில் அதையே எழுதித் தொலைத்திருந்தேன். யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சட்டம் நிறைவேறியது. ஹெட்விக் ஒரு வாரம் எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்தாள். இலையுதிர்காலத்தில் எனக்கு வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அதற்கு மேல் மறைக்க வழியில்லை.

"மருத்துவமனையில கூப்பிட்டிருக்காங்க," என்றேன். என்னவோ அவர்களாகவே தேடி வந்து கூப்பிட்ட மாதிரி.

"நல்லது. காபி ஆறுது, குடி," என்றாள்.

ஜனவரியில் முதல் நாள். தலைமை நர்ஸ் எனக்கு எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கியை மாட்டிவிட்டபடியே சொன்னார்:

"எட்டு வருஷம் வேலையில இல்லாதவங்கன்னு உங்களை எடுக்க எனக்குத் தயக்கமாத்தான் இருந்துச்சு. உங்க பக்கத்து வீட்டம்மாதான் மாத்தினாங்க. அரை மணி நேரம் போனை வைக்க விடலையே."

"எப்போ பேசினாங்க?"

"ஏப்ரல்ல, விசாரிக்க நான் கூப்பிட்டப்ப. முன்னாடி ஒரு தடவை அவங்க வீட்டுக்காரர் கப்பல்ல அடிபட்டுக் கெடந்தப்ப, நாலு நாள் நீங்க அவங்க கூடவே இருந்தீங்களாம். 'எல்லாம் சரியாயிடும்'னு ஒரு தடவைகூட ஒப்புக்குச் சொல்லலையாம். 'அவ பொய் சொல்ல மாட்டா, நம்பி எடுத்துக்கங்க'ன்னாங்க."

ஹெட்விக் நீட்டிய அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டது அதற்கு முந்தைய மாதம், மார்ச்சில்.

வேலை முடிந்ததும் என் மாடிக்கு ஏறாமல் அவள் கதவைத் தட்டினேன். வாசலிலேயே அழுதுவிட்டேன்.

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பே. எனக்கு அது வேண்டாம்டி. நீயா சொல்வேன்னு தினமும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அந்த வேலையை இருபத்தேழு வருடம் செய்தேன். என் பெயரில், என் காசு. ஒரு நாளும் வருந்தியதில்லை. ஹெட்விக் இறந்தும் வெகுகாலம் ஆகிவிட்டது. ஏப்ரலிலிருந்து அந்தக் கடிதம் வரும் வரை அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த காலைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் எனக்கு.