பாடாங் வழி

தலையில் வைக்க வேண்டிய எண்ணெயைப் புஷ்பவள்ளி புருஷனின் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"தலையில வையி புள்ள. கால்ல இல்ல."

புஷ்பவள்ளி காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம் முடிந்து அவன் வந்தால் அந்த வலது முழங்காலுக்குத்தான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். கை தானாக அங்கே போய்விட்டது. தோட்டத்து லய வீட்டின் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் ஐயாசாமி காலை நீட்டிக் கிடந்தான். தேய்த்துவிடும்போது எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் பேசாமல் கிடப்பானோ அப்படியே இருந்தான்.

வெள்ளையம்மா அவனுடைய அக்காள். தம்பியின் தலையில் தானே எண்ணெயைத் தொட்டு வைத்துவிட்டு, புஷ்பவள்ளியைத் தூக்கி நிறுத்தி வாசற்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இனி உடலை ஆண்கள் குளிப்பாட்ட வேண்டும். பங்காளிகள் செய்ய வேண்டிய காரியம். ஆனால் பங்காளி என்று ஒருவனும் மிச்சமில்லை. ரப்பர் விலை விழுந்த வருஷம் தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றிக் கடல் கடந்து சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். ஐயாசாமியின் தம்பிகள் போனார்கள். புஷ்பவள்ளியின் அம்மாவும் அண்ணன்மார்களும் போனார்கள்.

அப்போதுதான் லாரி வந்து நின்றது. அதிலிருந்து அவர்கள் இறங்கினார்கள். ஐயாசாமியோடு பந்தாடியவர்கள், கெலாங் பாத்தா பக்கத்துத் தோட்டங்களில் சிதறிக் கிடந்தவர்கள். எல்லோரும் நீலக் கட்டம் போட்ட ஆட்டச் சட்டையில் வந்திருந்தார்கள். இருப்பதிலேயே நல்ல சட்டை அதுதான் போலும்.

லயத்துப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புஷ்பவள்ளிக்கு அந்தப் பழைய கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலுக்கு வெளியே ஒரு விசில் கேட்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதியில் கை கழுவிவிட்டு ஐயாசாமி பாடாங்குக்கு, அந்தப் பந்துத் திடலுக்குப் போய்விடுவான். இன்றைக்கும் வந்துவிட்டார்கள்.

காப்டன் அர்ச்சுனன் பெஞ்சுக்கு அருகில் வந்து நின்றான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். மற்றவர்களும் கழற்றினார்கள். யாரும் அவர்களைச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை.

கூட ஆடும் வேலு தண்ணீர் மொண்டு ஊற்ற, அர்ச்சுனன் துணியால் துடைத்தான். இடது கெண்டைக்காலில் ஒரு நீளத் தழும்பு. வேலு அதன் மேல் விரலை வைத்தான்.

"இது மூவார்ல பட்டதுண்ணே."

"மூவார் இல்லடா. மூவார்ல பட்டது தாடையில. இது ஆயர் ஈத்தாம். அந்த ஒசரமான சீனப் பையன் பூட்ஸோட ஏறி மிதிச்சான்ல?"

"ஆமாண்ணே. அப்பவும் பந்த வுடலியே!"

புஷ்பவள்ளி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் புண் ஆறுவதற்குக் குப்பைமேனியை அரைத்துக் கட்டியவள் அவள். எப்படிப் பட்டது என்று கேட்டபோது, "விழுந்துட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். தாடைக்கும் அதே பதில்தான். சுண்டுவிரல் வளைந்து போனதற்கும் அதே பதில்தான். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஊரும் ஆளும் வெயிலும் மழையும் இருந்தன. அவளுக்குத் தெரியாத இடமே அவன் உடம்பில் இல்லை என்று நினைத்திருந்தாள்.

அவர்கள் தண்ணீர் ஊற்ற ஊற்றப் பேசிக்கொண்டே போனார்கள். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை உருட்டிச் செய்த பந்தில்தான் முதலில் ஆடினார்களாம். அது எந்தப் பக்கம் குதிக்கும் என்று பந்துக்கே தெரியாதாம். அதைப் பிடித்துப் பழகியதால்தான் ஐயாசாமி அண்ணனுக்குக் கோலில் நிற்க அப்படி ஒரு கை வந்ததாம். தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணி தோல் பந்து வாங்கிக் கொடுத்த அன்றைக்கு, அதை யாரும் உதைக்கக் கூடாது என்று அண்ணன் ஒரு நாள் முழுக்க மடியிலேயே வைத்திருந்தாராம்.

"மூவார்ல ஏழு கோல் வாங்கிட்டு வந்தமே, ஞாபகம் இருக்காண்ணே?" என்றான் வேலு. "லாரி சேத்துல மாட்டிக்கிச்சு. எல்லாரும் செத்த பொணமாட்டம் கெடந்தோம். ஐயாசாமியண்ணன் மட்டும் தலையில துண்டப் போட்டுக்கிட்டு, பொம்பள கொரல்ல ஒப்பாரி வச்சாரே..."

"'ஏழு மகன பெத்தேனே, ஏழயும் பறிகுடுத்தேனே'ன்னு" என்றான் அர்ச்சுனன். சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. மற்றவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். ஒருவன் "அலமாக், வயிறு வலிச்சுப்போச்சு அன்னிக்கி" என்று கண்ணைத் துடைத்தான்.

புஷ்பவள்ளி வெள்ளையம்மாவைப் பார்த்தாள்.

"மதினி, இவரு பாடுவாரா?"

"சின்னதுல பாடுவான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அவள் வீட்டில் அவன் பாடியதே இல்லை. புகைக்கூடத்தில் ரப்பர் தாள்களை உலர்த்தும் வேலை. புகை குடித்த தொண்டை, பேச்சு வராது என்று அவளே அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள். சாப்பாடு போட்டால் சாப்பிடுவான். உப்பில்லை என்றாலும் சொல்ல மாட்டான். அவளுக்கு வாய்த்த மனிதன் அவ்வளவுதான் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். மீதி இருந்ததெல்லாம் அந்த லாரியில் போயிருக்கிறது.

உடம்பைத் துடைத்து வேட்டி கட்டினார்கள். வேலு லாரியிலிருந்து ஒரு நீலக் கட்டச் சட்டையை எடுத்து வந்தான். மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்தி வந்தான்.

"வேணாம்" என்றாள் புஷ்பவள்ளி. "வேட்டி போதும்."

வேலு அர்ச்சுனனைப் பார்த்தான். அர்ச்சுனன் தலையை அசைத்தான். சட்டை லாரிக்கே திரும்பிப் போனது.

லயத்துக்குப் பின்புறம் அர்ச்சுனன் மூங்கிலை வைத்துப் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது புஷ்பவள்ளி எழுந்து அங்கே போனாள். மற்ற பெண்கள் போக வேண்டாம் என்றார்கள். அவள் போனாள்.

"அர்ச்சுனா."

"அண்ணி."

"எங்கம்மா ஊருக்குப் போனப்ப, நாங்களும் வர்றோம்னு பேரு குடுக்க இவரு ஆபீசுக்குப் போனாரு. சாயங்காலமா வந்து, கப்பல்ல எடம் முடிஞ்சிருச்சுன்னாரு. நெசமா?"

அர்ச்சுனன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். போட்ட முடிச்சை மறுபடியும் அவிழ்த்தான்.

"சொல்லு. இனிமே நான் யாருகிட்ட போயி கேக்கப்போறேன்?"

"எடம் இருந்திச்சு அண்ணி."

அவன் அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"ஆபீசுக்கு அவரு போகவே இல்ல. பாடாங்குக்குத்தான் வந்தாரு. அப்ப நாங்க ஒம்போது பேருதான் மிச்சம். 'நானும் போறேன்டா, அவ அம்மாவ வுட்டுட்டு இருக்கமாட்டா'ன்னாரு. யாரும் பேசல. நான்தான் கேட்டேன், கோலுக்கு யாருண்ணே நிப்பான்னு. அது ஒண்ணுதான் அண்ணி கேட்டேன். கோல் கம்பத்தப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம்..."

"அப்புறம்?"

"'ரெண்டு நாள் அழுவா. சரியாயிருவா'ன்னாரு."

புஷ்பவள்ளி மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா ஊர் போய்ச் சேர்ந்த மறுவருஷமே இறந்துபோனாள். செய்தி வந்தபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு ஐயாசாமி பின்கட்டில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டே இருந்தான். வேண்டிய அளவுக்கு மேல் பிளந்தான்.

"ரெண்டு நாளா" என்றாள்.

அர்ச்சுனன் குனிந்து அடுத்த மூங்கிலை எடுத்து வைத்தான்.

"என்னப் பத்தி வேற என்ன சொல்லுவாரு ஒங்ககிட்ட?"

"ஒண்ணும் சொல்லமாட்டாரு அண்ணி. ஒங்க பேரக்கூட அவரு வாயால நாங்க கேட்டதில்ல."

அவள் திரும்பினாள். அர்ச்சுனன் அவசரமாகப் பேசினான்.

"ஒரு தடவ இந்த வேலுப்பய, அண்ணி வச்ச மீன் கொழம்பு மணக்குதேன்னு அவரு தூக்குச்சட்டியில கைய வுட்டான். பளார்னு ஒண்ணு வுட்டாரு. நாங்க அசந்துட்டோம். பீடி, தண்ணி, சட்டை, எல்லாத்தையும் பங்கு போட்டுக்குவாரு. பூட்ஸக்கூடக் கழட்டிக் குடுத்திருக்காரு. அந்தத் தூக்க மட்டும் எடுத்துக்கிட்டு மரத்துக்குப் பின்னால போயிருவாரு. நாங்க கேலி பண்ணுவோம். திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. வழிச்சுத் தின்னுட்டுத்தான் வருவாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தூக்கில் புஷ்பவள்ளி நல்ல துண்டு மீனை வைத்ததே கிடையாது. அந்தப் பயல்கள் தின்னவா நான் ஆக்கிப் போடுகிறேன் என்று தலையையும் வாலையும் அள்ளிப்போட்டு, குழம்பை நிறைய ஊற்றி அனுப்புவாள். நல்ல துண்டை ராத்திரிக்கு எடுத்து வைப்பாள். ராத்திரி அவன் களைத்துப்போய்ச் சாப்பிடாமலே படுத்துவிடுவான்.

போன மாதம் காய்ச்சலில் கிடந்தவன், மழையில் ஆட எழுந்து போனபோதும் தூக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனான். அன்று வந்து படுத்தவன் பிறகு எழவேயில்லை.

பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டியை அர்ச்சுனன் எடுக்கட்டும் என்று வெள்ளையம்மா சொல்லிவிட்டாள். புஷ்பவள்ளி மறுக்கவில்லை. மாரடித்து, மாலை போட்டு, வாய்க்கரிசி போட்டு எல்லாம் முடிந்தது. பாடையைத் தூக்குவதற்கு முன்னால் அர்ச்சுனன் அவள் முன்னே வந்து நின்றான். பின்னால் மற்றவர்கள் நின்றார்கள். ஏற்கனவே கூடிப் பேசி வைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணி, பாடாங் வழியா போயி, ஒரு சுத்து சுத்திட்டு..."

"வேணாம்."

"சுடுகாட்டுக்கு நேர் வழியே அதுதான் அண்ணி" என்றான் வேலு. "அண்ணன் கையால லாலாங் புல்ல வெட்டி, சேத்த தூத்து உண்டாக்குன பாடாங்கு. அவரு இல்லன்னா டீமே ஏது?"

"அந்த வழியா வேணாம். ரப்பர் ஸ்டோர் பக்கமா போங்க."

"அது சுத்து வழி புள்ள" என்று வெள்ளையம்மா காதோடு சொன்னாள். "மழ பேஞ்சு முழங்கால் சேறு கெடக்கு."

"தெரியும் மதினி."

வேலுவின் கண்ணில் கோபம் வந்தது. அதைப் பார்த்ததும் புஷ்பவள்ளிக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"எல்லா ஞாயித்துக்கெழமையும் ஒங்களுக்குத்தான குடுத்தேன்? இன்னிக்கி ஒரு நாளு என் வூட்டுலேர்ந்து போறாரு. என் புருசனாப் போகட்டும்."

அர்ச்சுனன் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து, "தூக்குங்கடா. ஸ்டோர் வழி" என்றான்.

பெண்கள் தண்ணீர்த் தொட்டியோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் போகக் கூடாது. புஷ்பவள்ளி அங்கே நின்று பார்த்தாள். சட்டையில்லாத முதுகுகள் பால்மர வரிசைக்குள் இறங்கின. செம்மண் சேறு அவர்கள் முழங்கால் வரை ஏறியது. முன்னால் போன ஒருவன் சறுக்கினான். பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நடந்து வந்தவன் ஒரே தாவலில் தோள் கொடுத்தான். பாடை நேரானது. இப்படித்தான் ஆடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். யாரும் பாடவில்லை. அவர்கள் பாடினால் கேட்கலாம் என்று தான் காத்திருந்தது மரங்கள் அவர்களை மறைத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

தொட்டியில் பெண்கள் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத்தோடு வீட்டுக்குத் திரும்பும்போது, லயத்துக் கோடியில் அவள் மட்டும் பிரிந்து வேறு பக்கம் நடந்தாள்.

"எங்க புள்ள போற?" என்று வெள்ளையம்மா கூப்பிட்டாள். பின்னாலேயே இரண்டடி வந்து, நின்றுவிட்டாள்.

பாடாங் திடலில் யாருமில்லை. விறகு சுமந்து ஓரமாகப் போயிருக்கிறாளே ஒழிய அவள் அதற்குள் கால் வைத்ததில்லை. மழைக்குப் பிறகு புல் பளிச்சென்று இருந்தது. நடுவில் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கோடியிலும் இரண்டிரண்டு மரக்கம்பங்கள். அவள் கிட்டத்தில் இருந்த கம்பங்களை நோக்கி நடந்தாள். கம்பங்களுக்கு நடுவில் புல்லே இல்லை. கால் மிதித்து மிதித்து மண் குழிந்து, குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

அவள் குழிக்குள் இறங்கினாள். தண்ணீர் கணுக்கால் வரை வந்தது. அவன் பார்த்ததைப் போல முன்னால் பார்த்தாள். எதிர்க் கோடியில், அந்தக் கம்பங்களுக்கு நடுவிலும், இதே போல ஒரு குழியில் தண்ணீர் மின்னியது.

இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எது அவன் நின்ற பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. கேட்பதற்கும் அங்கே ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாட்டைச் சுற்றி, எதிர்ப் பக்கத்துக் குழியை நோக்கி நடந்தாள்.