மூன்றாவது படத்தில் இல்லாதவன்

பாலாஜி படம் எடுப்பான். அவனுடைய அண்ணி ஓவியா கணினியில் அதைச் சரிசெய்வாள். திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன ஸ்டுடியோ இப்படித்தான் ஓடியது. ஓடியது எங்கே, நொண்டியது. கடையைத் தொடங்கிய மாறன், ஓவியாவின் கணவன், போன வருஷம் பால் வாங்கப் போனவன் திரும்பவில்லை. காவி கட்டிவிட்டான் என்றார்கள் சிலர். செத்தே போயிருப்பான் என்றார்கள் சிலர். ஊர் வாய்க்கு என்ன வந்தது? ஓவியா பௌர்ணமி தவறாமல் கிரிவலப் பாதையில் ஒவ்வொரு சாமியார் முகமாகப் பார்த்துக்கொண்டே நடப்பாள். துணைக்குப் பாலாஜி போவான்.

லாட்ஜ்காரர் ஒருவர் வரவேற்பறையில் மாட்ட மலைப் படம் கேட்டிருந்தார். அடி அண்ணாமலைப் பக்கம் இருக்கும் பழைய மண்டபத்திலிருந்துதான், அதன் தூண்களும் தெரியும்படி எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் வேறு. சாயங்காலத்தில் கேமராவில் வானத்துக்கு ஏற்ப வெளிச்சம் வைத்தால் மண்டபம் கரியாகும். மண்டபத்துக்கு வைத்தால் வானம் வெளுத்துப்போகும். அதனால் பாலாஜி கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயலைக் கையால் திருப்பித் திருப்பி, நடுத்தரமாக ஒன்று, இருட்டாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று எடுத்து வந்தான். காசில்லாமல் இணையத்தில் கிடைக்கும் மென்பொருளில் ஓவியா மூன்றையும் ஒன்றாக்குவாள். இடையில் யாராவது அசைந்தால் ஆவி மாதிரி கறை விழும். அதை நீக்க ஒரு கட்டம் உண்டு. டிக் போட்டால் போதும்.

அன்று டிக் போட மறந்தாள். தூணோரம் காவி நிறத்தில் ஒரு கறை. யார் அசைந்தது என்று பார்க்க மூன்றையும் தனித்தனியாகத் திறந்தாள்.

முதல் படத்தில் தாடிக்காரர் ஒருவர் கேமராவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருட்டான படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினாள். எழுந்து நின்று துண்டால் முகத்தை மூடியிருந்தார். மூன்றாவதில் தூண் மட்டும்தான் இருந்தது.

முதல் படத்தைப் பெரிதாக்கினாள். கூடக் குடும்பம் நடத்தியவனைத் தாடியா மறைத்துவிடும்? மாறனேதான். உயிரோடு இருக்கிறான்! பாலாஜியைக் கூப்பிட வாயெடுத்தவள் சட்டென்று நின்றாள். டயலைத் திருப்பிக்கொண்டு இவன் அங்கேயேதானே நின்றிருக்கிறான்?

"பாலாஜி, நீ பார்த்தியா இல்லையா?"

திரையைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. "கையெடுத்துக் கும்பிட்டாரு அண்ணி. வீட்ல சொல்லாதடான்னாரு."

"அப்புறம் எதுக்கு இத எங்கிட்ட குடுத்த?"

"திரும்ப எடுக்க வெளிச்சம் இல்லீங்க. ஆளு அசைஞ்சா சாப்ட்வேரே எடுத்துடும்னு நீங்கதான சொன்னீங்க? மறைஞ்சிடும்னு நெனச்சுட்டேன்."

விட்டுப் போனவன் மேல்கூட ஓவியாவுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

"இதான் மொத தடவையா?"

பாலாஜி கேமராவை எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினான்.

"அடி அண்ணாமலை வந்தாலே, கூட்டம் ஜாஸ்தியா இருக்கு அண்ணி, சீக்கிரம் நடங்கன்னு அவசரப்படுத்துவியே. அதுவும் இதுக்குத்தானா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழத் தொடங்கினான். ஒரு வருஷமாக அவள் கால் நோக நடந்து தேடியது தேடப்பட்டவனுக்கும் தெரியும். துணைக்கு வந்தவனுக்கோ அவன் இருக்கும் இடமே தெரியும்.