சுதாகரனின் படகு எஞ்சினும் லயத்துத் தண்ணீரும்

சுதாகரன் மோட்டார் படகு வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எம்பிலிப்பிட்டியப் பக்கத்துக் குளத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றப் போகிறானாம். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். அதோடு தேயிலை மலை வேலையை விட்டுவிடுவானாம்.

இருபத்திரண்டு வருடமாகத் தேயிலை பெக்டரியில் மெஷின் பார்க்கிறவன் நான். இந்தத் தோட்டத்தில் எஞ்சின் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உரமூட்டை தூக்கியவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?

படகைக் குளத்தில் விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்தான். கடலில் ஓடிய பழைய எஞ்சின். உள்ளே ஏறிய உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். அதைக்கூட என்னிடம் கேட்கவில்லை, போனில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலை அவன் மனைவி கோகிலா வீடு வீடாக வந்தாள். எங்கள் லயத்தில் வரிசையாக இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்கும் மலைத் தொட்டியிலிருந்து வருவது ஒரே பைப். அதில் முதல் வீடு என்னுடையது, கடைசி வீடு அவர்களுடையது.

"பத்து நிமிசம் பைப்ப பூட்டி வையிங்கக்கா. தண்ணி நின்னா எஞ்சின் கருகிடுமாம்," என்று என் மனைவி விஜயகலாவிடம் சொன்னாள்.

"அதுக்கென்ன புள்ள," என்று பூட்டிவிட்டு, விஜயகலாவும் வேடிக்கை பார்க்கக் கீழே போய்விட்டாள். மொத்த லயமும் அங்கேதான் நின்றது. போன வருடம் எங்கள் கூரைக்குத் தகரம் போட ஆள் கூப்பிட்டபோது இதில் ஒருவரும் வரவில்லை.

நான் வாசலில் நின்று பார்த்தேன். மரச்சட்டத்தில் எஞ்சினை மாட்டி, அது தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் இரண்டு ரப்பர் கிண்ணத்தை வைத்து, ஹோஸை இணைத்து, கயிற்றை இழுத்தான். பின்னால் இருந்த சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள், விஜயகலா உட்பட.

உள்ளே போனேன். குசினிக்குப் பின்னால் இருக்கும் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டு, திரும்பி வந்து வாசலில் நின்றேன்.

அங்கே தண்ணீர் மெலிந்தது, பிறகு நின்றது. சுதாகரன் உடனே எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் லயத்தில் தண்ணீர் நின்றால் பைப் வழியே மேலே ஏறிப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அவனும் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு வீடுகளின் பின்பக்கமாக ஏறி ஓடினான். 'எஞ்சின நிப்பாட்டு' என்று நான் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். கத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவன் இறங்கி வருவதற்குள் ரப்பர் கருகிய நாற்றம் என் வாசல் வரை வந்துவிட்டது.

சாயங்காலம் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தான். நான் கழற்றினேன். தண்ணீரை உறிஞ்சும் ரப்பர் சக்கரம் தீய்ந்து துண்டு துண்டாகக் கொட்டியது.

"பெல்மதுளையில எஞ்சின் ரிப்பேர் பண்ற நல்ல பாஸ்மாருங்க இருக்காங்களே. அங்க கொண்டு போயிருக்கலாமே," என்றேன்.

"போயிருக்கலாம்ணே. ஆனா காலையில பைப்போட ஏறி வந்தேன்ல, ஒங்க குசினிக்குப் பின்னால வாளி ரொம்பி வழிஞ்சிக்கிட்டு இருந்திச்சி. நான்தான் பைப்ப பூட்டினேன்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். உள்ளே விஜயகலா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"அக்காகிட்ட சொல்லல. கோகிலாகிட்டயும் சொல்லல," என்றான் மெதுவாக.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "விடிஞ்சதும் மொத பஸ்ல போயி புதுசு நானே வாங்கியாந்து மாட்டித் தர்றேன்," என்றேன்.

"மாட்டித்தான் ஆகணும்ணே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.