தலைவர் எடுக்கவேண்டிய முதல் பழம்

கிறிஸ்துமஸ் விருந்துக்காகச் செய்த பழமரம் சாப்பாட்டு மேஜைக்குள் வேர்விட்டது மறுநாள் காலையில்தான் தெரியவந்தது. அந்த மேஜையின் ஒரு கால் குட்டை. அட்டை மடித்து வைத்தும் வாங்கி வந்த நாளிலிருந்து ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் நின்றுவிட்டதைக் கண்டு வீட்டிலிருந்தவர்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் பெருக்குவதற்காகக் குனிந்த மூத்த மருமகள், மரத்துக்கு அடிப்பாகமாக வைத்த அன்னாசியிலிருந்து கிளம்பிய வேர் பலகையைத் துளைத்து, குட்டைக் காலைச் சுற்றி இறங்கி, தரை ஓடுகளின் இடுக்கில் நுழைந்திருப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்த இடத்தை மட்டும் விட்டுப் பெருக்கினாள். வேறென்ன செய்வது, வேலைக்கு நேரமாகிவிட்டது.

மேஜை அவள் வாங்கியது. மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்கு வில்லை பொருத்தும் வேலை அவளுக்கு. அதற்கு முன் அந்த வீட்டில் நாலு பேர் உட்காரும் மேஜைதான் இருந்தது. மாமனார், கணவர், விருந்தாளி, விருந்தாளியின் விருந்தாளி என்று எல்லோரும் எழுந்து போனபிறகு, தட்டை இடது கையில் ஏந்தி, பாத்திரம் கழுவும் தொட்டியில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டே சாப்பிடுவாள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் தற்காலிக ஏற்பாடாக ஆரம்பித்தது பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. யாரும் அவளை நிற்கச் சொன்னதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சூடாக ஒரு வேளை சாப்பிடவேண்டும். அதற்காகத்தான் எட்டுப் பேர் மேஜை. ஜன்னலோர நாற்காலி தனக்கு என்று மனசுக்குள் குறித்தும் வைத்திருந்தாள். தரை ஓடு விற்கும் கடையில் மேலாளராக இருந்த அவள் கணவர், உலகத்தையே தரையிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பவர். மேஜையின் நிறம் தரைக்குப் பொருந்தவில்லை என்று கருத்துச் சொன்னார். அவருடைய பங்களிப்பு அதோடு முடிந்தது.

மாமனாரைத் தெருவில் 'முன்னாள்' என்றுதான் சொல்வார்கள். குடியிருப்போர் சங்க முன்னாள் செயலாளர், நடைப்பயிற்சிக் கழக முன்னாள் பொருளாளர், வாசகர் வட்ட முன்னாள் துணைத்தலைவர். இந்நாள் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் மிச்சமிருந்தது சர்க்கரை நோய் மட்டும்தான்.

புது மேஜைக்கு முதல் கிறிஸ்துமஸ் என்பதால் நடுவில் வைக்க ஒரு பழமரம் செய்யலாம் என்று அவள் முடிவு செய்தாள். கண்ணுக்கும் அழகு, கடைசியில் ஆளுக்கு இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டால் வயிற்றுக்கும் ஆச்சு. ஆப்பிளின் அடியைச் சமமாக வெட்டி, மேலே ஒரு கேரட்டைச் செருகி நிறுத்திப் பார்த்தாள். ஓரகத்தி, அதாவது அடுத்த தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திய கொழுந்தனின் மனைவி, முக்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"அக்கா, கேரட் என்ன, குடிச்சிட்டு நிக்கற மாதிரி நிக்குது."

"நீ வந்து பிடிச்சா நேரா நிக்கும்."

"இப்பதான் நகத்துக்குப் பூசினேன். வாயால வேணா பிடிச்சுக்கறேன்."

"அதத்தான் காலையிலேர்ந்து செஞ்சிட்டிருக்க."

ஆப்பிள் பாரம் தாங்காது என்று தெரிந்ததும் அதை எடுத்துவிட்டு, பாதி அன்னாசியைத் தோலோடு நிறுத்தி, நடுவைக் குடைந்து கேரட்டை இறக்கினாள். கேரட் முழுக்கப் பல்குச்சிகள் குத்தி, கீழே பெரிய ஸ்ட்ராபெர்ரிகள், நடுவே கிவித் துண்டுகளும் அன்னாசிச் சதுரங்களும், கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த ஆப்பிள் துண்டுகள், இடைவெளியெல்லாம் பச்சையும் கறுப்புமாகத் திராட்சை. வில்லை பொருத்திப் பழகிய கை; ஒரு பழம்கூடக் கோணவில்லை. உச்சியில் முலாம்பழத்தில் வெட்டிய நட்சத்திரம். மேஜை நடுவில் வைத்தபோது ஓரகத்திகூட ஒரு நிமிடம் பேசவில்லை. அந்த வீட்டின் வரலாற்றில் அதுவே முதல் அதிசயம். வேரெல்லாம் அப்புறம் வந்தது.

முன்னாள் வந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையை ஒரு சுற்று வந்தார். ஏதோ ஒரு பாலத்தைத் திறந்துவைக்க வந்தவர்போல் இருந்தது.

"இத இப்ப யாரும் தொடக்கூடாது."

"சாப்பிடத்தான் மாமா செஞ்சேன்."

"சாப்பிடலாம்மா, யாரு வேணாங்கறா? முறையா ஒருத்தர் ஆரம்பிச்சு வைக்கட்டும். கண்டவன் கண்டபடி பிய்க்கறதுக்கு இது என்ன கடலைப் பொட்டலமா?"

சங்கங்களின் கூட்டமைப்புத் தலைவருக்குப் போன் போட்டார். தன் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சிறப்பு விருந்தினர் வைத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். தலைவர் அரை மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார். அவர் உட்கார்ந்து முதல் பழத்தை எடுப்பதற்கென்று ஜன்னலோர நாற்காலி துடைத்து வைக்கப்பட்டது. அவர் உட்காரும் முன் மற்றவர்கள் உட்காருவது மரியாதையில்லை என்பதால் யாரும் உட்காரவில்லை. கோழி ஆறியது, சூப் ஆடை கட்டியது. பசி தாங்காமல் ஆளாளுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்கள், தலைவர் வரும்வரைதானே என்று. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சமத்துவம் வந்தது. எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மூத்த மருமகள் மட்டும் வழக்கம்போலக் கடைசியாக நின்றாள்.

தலைவர் அன்று வரவில்லை, புத்தாண்டுக்கும் வரவில்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும் அரை மணி நேரத்தில் வருவதாகத்தான் சொன்னார், ஒருமுறைகூட முக்கால் மணி என்று சொன்னதில்லை. பழங்கள் அழுகவில்லை. திராட்சை சுருங்கவில்லை, ஆப்பிள் கறுக்கவில்லை. பழச்சாற்றில் முழுகிக் கிடக்கவேண்டிய எறும்புகள் மேஜை விளிம்புவரை வரிசையாக வந்து, அங்கேயே நின்றன. முன்னால் நின்ற எறும்பு பின்னால் நின்றதைப் பார்த்தது. பின்னால் நின்றது முன்னாலுள்ளதைப் பார்த்தது. இந்த வீட்டில் கொஞ்ச நாள் இருந்தால் யாருக்கும் நடைமுறை பழகிவிடும்.

மரம் எதைத் தின்று வளர்ந்தது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மரத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வெகு பண்பானவர்கள். "ஒரு பழம் எடுத்துக்கலாமே" என்று ஒருவர் சொன்னால் "ஐயோ, உங்களுக்கு முன்னாடியா, நீங்க எடுங்க" என்பார் மற்றவர். "பெரியவர் நீங்க இருக்கும்போது நானா" என்பார் முதலாமவர். ஒவ்வொரு 'நீங்க'வுக்கும் மரம் ஒரு விரல்கடை உயர்ந்தது. பல்குச்சிகள் துளிர்த்து, கிளைகளாகி, புதுத் திராட்சைக் கொத்துகளைத் தள்ளின. ஒரு சுபமுகூர்த்த நாளில் நடைப்பயிற்சிக் கழகத்தார் மொத்தமாக வந்து ஒருவரையொருவர் உபசரித்துவிட்டுப் போனபோது ஒரே மதியத்தில் நட்சத்திரம் கூரையை முட்டியது. வேர் தரை ஓடுகளைப் பெயர்த்தது. கணவர் மண்டியிட்டு, உடைந்த ஓடுகளைத் தடவி, இந்த மாதிரி இப்போது வருவதில்லை என்று கண் கலங்கினார். மனைவி நின்றுகொண்டு சாப்பிடுவதற்கு அவர் கலங்கியதாகப் பதிவில்லை.

இரண்டாம் வருடம் நட்சத்திரம் கூரையைத் துளைத்து மாடிவீட்டுக் கூடத்தின் நடுவில் முளைத்தது. அங்கே குடியிருந்த காப்பீட்டு முகவர் இறங்கி வந்து, இது வாடகைக்குள் அடங்குமா என்று மட்டும் விசாரித்தார். அடங்கும் என்றதும் நட்சத்திரத்தின் முனைகளில் காலுறை காயப்போட்டுக்கொண்டார். எட்டிப் பறிக்கும் தூரத்தில் முலாம்பழம் இருந்தும் அவர் தின்னவில்லை. அவருக்கு அழைப்பு வரவில்லையாம். மூன்றாம் வருடம் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்து, கேரட்டிலிருந்து திராட்சை காய்ப்பது சாத்தியமே இல்லை என்று வெகுநேரம் விளக்கினார். அவர் விளக்க விளக்க ஒரு கிளை வளர்ந்து வந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது. கண்ணாடி இல்லாததால் அதையும் அவரால் பார்க்க முடியவில்லை. சட்டம் வளைந்துபோனதை மூத்த மருமகள்தான் சரிசெய்து கொடுத்தாள்.

அவள் கேட்காமல் இல்லை. "அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கணவரிடம் கேட்டாள். "சொல்லலாம். அவர் கேட்டா சொல்றேன்" என்றார் அவர். ஒருநாள், வீட்டில் யாருமில்லை என்று நினைத்து, ஒரு ஸ்ட்ராபெர்ரியை நோக்கிக் கையை நீட்டினாள். பக்கத்து அறையில் முன்னாள் இருமினார். அந்த வீட்டில் அந்த இருமலுக்குச் சட்டத்தின் அந்தஸ்து உண்டு. கையை இழுத்துக்கொண்டாள். செய்தவள் கடைசியில்தானே சாப்பிடவேண்டும். முதல் ஆளே இன்னும் வராதபோது கடைசி ஆளுக்கு என்ன அவசரம்? அந்த வருடம் அவளுக்குக் குதிகால் வலி ஆரம்பித்தது. நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் வருகிறது, வீட்டிலாவது உட்காருங்கள் என்றார் மருத்துவர். நல்ல யோசனை என்று அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஐந்தாம் வருடம் கூட்டமைப்பில் தேர்தல் நடந்து தலைவர் தோற்றுப்போனார். தோற்றவருக்கு நேரம் நிறைய இருந்தது. ஜெயித்தவருக்கு எங்கேயாவது தலைமை தாங்கவேண்டியிருந்தது. ஆகவே அந்தக் கிறிஸ்துமஸுக்கு இருவருமே சொன்ன நேரத்துக்கு வந்து, ஒருவரையொருவர் பார்த்ததும் வாசலிலேயே பூங்கொத்தைக் கை மாற்றிக்கொண்டார்கள். முன்னாளுக்கு வியர்த்தது. அழைப்பு ஆளுக்கா, பதவிக்கா? அதுவரை அவர் யோசித்திருக்கவில்லை.

"பழசுன்னாலும் நீங்கதான் முதல்ல அழைக்கப்பட்டவர். நீங்க எடுங்க" என்றார் புதியவர்.

"பதவிதான் பெரிசு, மனுஷன் என்ன மனுஷன். நீங்க எடுங்க."

"விட்டுக்குடுக்கறதுல உங்கள மிஞ்ச முடியுமா? தேர்தல்லயே பார்த்தோமே."

"உங்க பெருந்தன்மைக்கு முன்னாடி நான் யாரு. எத்தனை ஓட்டுல ஜெயிச்சீங்கன்னுகூட நீங்க வெளிய சொல்லிக்கறதில்லயே."

மரம் அதுவரை காணாத தீனி. கிளைகள் சுவர்வரை நீண்டு படங்களைச் சாய்த்தன. மேலே எங்கேயோ ஓடு உடையும் சத்தமும், காப்பீட்டு முகவர் "என் காலுறை" என்று கத்துவதும் கேட்டன. கொழுந்தனும் ஓரகத்தியும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோர நாற்காலிக்கு இருபுறமும் நின்று இரண்டு தலைவர்களும் அதை ஒருவர் பக்கம் ஒருவர் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மூத்த மருமகள் காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள், சுட்ட கோழியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டு சூடு, துணி மெல்லிசு, குதிகால் விண்விண்ணென்றது. "கொஞ்சம் தள்ளுங்க" என்று தலைவர்களிடம் சொன்னாள். அவர்கள் தள்ளி நின்றார்கள், யாராவது எதையாவது தீர்மானமாகச் சொல்லி அவர்கள் கேட்டு வெகுகாலமாயிருந்தது. தட்டை மேஜையில் வைத்தாள். நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள்.

அவள் எதிரே தொங்கிய கொத்திலிருந்து ஒரு கறுப்புத் திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். முன்னாள் இருமினார்.

"தண்ணி குடிங்க மாமா" என்றாள் அவள், அடுத்ததாக ஓர் அன்னாசிச் சதுரத்தை எடுத்துக்கொண்டே.

அவர் மறுபடி இருமிப் பார்த்தார். "என்னம்மா இது, தலைவருங்க நிக்கறாங்க."

"உட்காரச் சொல்லுங்க. நாற்காலி இன்னும் ஏழு இருக்கு."

இடி இடிக்கவில்லை, மரம் வாடவில்லை, யாரும் திருந்தவுமில்லை. வளர்வது மட்டும் நின்றது. எறும்புகள் விளிம்பைத் தாண்டி மேலே ஏறின. தலைவர்கள் இருவரும், மற்றவர் கையைக் கடைக்கண்ணால் பார்த்தபடி, ஒரே நொடியில் ஆளுக்கொரு ஸ்ட்ராபெர்ரி எடுத்தார்கள். இரண்டாம் இடத்தை இருவரும் பகிர்ந்துகொண்டதாகப் பின்னால் கூட்டமைப்பின் செய்திமடலில் வந்தது. காப்பீட்டு முகவர் அழைக்காமலே இறங்கி வந்து எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். ஓரகத்தி ஓர் ஆப்பிள் துண்டை மென்று பார்த்து, "எலுமிச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு அக்கா" என்றாள். அஞ்சு வருஷம் கழித்து வந்த முதல் விமர்சனம் அது.

பறித்த இடத்தில் சாயங்காலத்துக்குள் வேறு பழம் வந்துவிடுகிறது. அந்த வீட்டில் இப்போது யாரும் பழம் வாங்குவதில்லை. மழை நாளில் கூரை ஓட்டையில் ஒழுகும் தண்ணீர் மரத்துக்கே போய்விடுவதால் வாளி வைக்கும் வேலையும் மிச்சம். தானே அதைத் திறந்துவைத்ததாக முன்னாள் வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறார். மறுத்துப் பேச யாருக்கும் நேரமில்லை, சாப்பாடு ஆறிவிடும்.

அன்றைய விருந்தின் நடுவில், கோழியில் உப்புக் குறைவதாக மூத்த மருமகளுக்குப் பட்டது. சொன்னாள். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். பிறகு அவள் கணவர் எழுந்து சமையலறைக்குப் போய், உப்பு எங்கே இருக்கிறது என்று அங்கிருந்து கேட்டார். அடுப்புக்கு மேலே என்றாள். அடுப்பு எங்கே என்று அவர் கேட்கவில்லை. உப்போடு திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியில் கிவிக் கிளை ஒன்று சாய்ந்திருந்தது. அதைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.