பெருநாளுக்குப் பிறகு ஐந்து

என் வேலை என்னவென்று என் மனைவி சுல்பிகாவுக்கே இன்னும் சரியாகத் தெரியாது. "கரண்ட் போனா இவர்தான் காரணம்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அதில் பெரிய பிழையும் இல்லை. கம்பி அறுந்தாலோ மரம் சாய்ந்தாலோ அதை உணர்ந்து லைனை நிறுத்துகிற கருவிக்கு ரிலே என்று பெயர். எத்தனை அம்பியர் தரைக்குக் கசிந்தால் நிறுத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைப்பவன் நான். இருபத்தாறு வருடமாக இந்தக் கரையோரம் முழுவதற்கும் அந்த எண்களை வைத்தவன் இந்த மீராமுகைதீன்தான் என்ற தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

கடற்கரை லைனுக்கு நான் வைத்திருந்த எண் ஐந்து.

மாரி மழை ஓய்ந்ததும் கம்பியைத் தாங்கும் கம்பத்துப் பீங்கான்களில் கடலுப்பு படியும். அந்தி ஈரத்தில் அந்த உப்பின் வழியே மின்சாரம் கசியும். ஐந்தைத் தாண்டினால் ரிலே லைனை வெட்டிவிடும். இந்த வருடம் அது நோன்பு மாதத்தில், அதுவும் நோன்பு திறக்கும் நேரம் பார்த்து நடந்தது. நாலு நாள் பொறுத்த சனம் ஐந்தாம் நாள் பொறுக்கவில்லை. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் அச்சிமுகம்மது காக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பாங்கு சொல்லக்குள்ள கரண்ட் போவுது. கஞ்சிக் கோப்பையத் தடவித்தான் எடுக்கம். நம்மட ஊர்ப் புள்ள இஞ்சினியரா இரிந்தும் இப்பிடியா?"

செய்ய வேண்டியது பீங்கான்களைக் கழுவுவது. அதற்கு இரண்டு வாரம் பகலில் லைனை நிறுத்தி நிறுத்தி வேலை செய்ய வேண்டும். ஊர்ப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. மறுநாள் காலையே ஐந்தைப் பன்னிரண்டாக்கினேன். "பெருநாளுக்குப் பிறகு 5" என்று மஞ்சள் காகிதத் துண்டில் எழுதி ரிலேயின் கண்ணாடியில் ஒட்டினேன். தற்காலிகமாக எண்ணை மாற்றினால் அப்படித் துண்டு ஒட்டுவது எங்கள் வழக்கம்.

அதன்பிறகு ஒரு நாள்கூட லைன் வெட்டவில்லை. இரவில் தராவீஹ் தொழுகை முடிந்து வெளியே வந்தால் ஆட்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், எனக்கு உச்சி குளிர்ந்துதான் போனது.

பெருநாள் போய் மூன்றாம் வாரம் கொழும்பிலிருந்து மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். அவர் கண்ணில் படக்கூடாதென்று துண்டைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். கடற்கரை லைனில் முறைப்பாடே இல்லையென்று பாராட்டிவிட்டுப் போனார். துண்டு சட்டையோடு சலவைக்குப் போனது.

வறண்ட கச்சான் காற்று அடித்த ஒரு காலை, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் கம்பி அறுந்து காய்ந்த மணலில் விழுந்தது. பக்கத்து வீடுகளில் மின்விசிறி நின்றதால் கரண்ட் போய்விட்டதென்றே எல்லோரும் நினைத்தார்கள். தோணியிலிருந்து இறங்கி வந்த மீனவர் கனகரெத்தினம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மிதித்துவிடக் கூடாதென்று கம்பியை ஓரமாக இழுக்கக் குனிந்தார். பிறகு அவர் நிமிரவில்லை.

விசாரணை அறிக்கையை எழுதியவர் என் பிரிவிலுள்ள பொறியியலாளர் தக்சாயினி. ரிலேயின் பதிவை எடுத்து வாசித்தவரும் அவர்தான். ஒன்பது அம்பியர், பதினொரு நிமிடம். எண் ஐந்தாக இருந்திருந்தால் சில விநாடிகளில் எல்லாம் நின்றிருக்கும். அவர் பதிவை எடுத்ததும் நான் எண்ணை ஐந்துக்கு மாற்றினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அறிக்கையில் இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டு அவர் என் மேசையில் வைத்தார். ஒன்று, ரிலேயில் இருந்த எண். மற்றது, அதற்கான காரணம்.

"காய்ஞ்ச மணல்ல கரண்ட் கசியிறது கொஞ்சம், எந்த ரிலேக்கும் விளங்காது எண்டு எழுதினா மேல நம்புவாங்க சேர்," என்றார். "அத நான் எழுத மாட்டன். நீங்களே நிரப்புங்க."

முதல் கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன். வேலை போகலாம், வழக்கு வரலாம் என்று தெரிந்துதான் எழுதினேன். இரண்டாவதில் "மறதி" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மிதப்பில்தான், கையொப்பம் வைக்குமுன் கனகரெத்தினத்தின் மனைவி குஞ்சம்மாவிடம் நேரில் சொல்லிவிடலாமென்று போனேன்.

அவர் முற்றத்தில் காய்ந்த வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நோன்புக்கு எண்ணைக் கூட்டியதையும் திருப்ப மறந்ததையும் நான் சொல்லச் சொல்ல அவர் கை நின்றது.

"நோம்பு மாசம் கரண்ட் போகல்லதான்," என்றார். "இவர் உங்களப் புகழ்ந்து கதைச்சவர். அவங்கட நோம்பால நம்மட ஊட்டு ஃபேனும் ஓடுது எண்டு."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பெருநாள் முடிஞ்சி எத்தினை நாள் சேர்?"

"எழுபத்தி மூண்டு."

"அவ்வளவு நாளும் மறந்தா போனீங்க?"

ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். அறிக்கையிலும் அப்படித்தானே எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்த ரிலேயைக் கடந்து நடந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு ஐந்து ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் நாளைக்குப் பார்ப்போம் என்று நடந்தேன்.

"மறக்கல்ல," என்றேன். "திருப்பி வெச்சா லைன் வெட்டும், ஆக்கள் ஏசுவாங்க எண்டு விட்டுட்டன்."

குஞ்சம்மா வலையைக் கீழே வைத்தார்.

"இவரும் ஏசியிருப்பார்," என்றார். "ஏசிக்கிட்டு உசிரோட இரிந்திருப்பார்."

அலுவலகத்துக்குத் திரும்பி "மறதி"யை வெட்டினேன். அவரிடம் சொன்னதை எழுத அந்தச் சிறிய கட்டம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதிக் கையொப்பமிட்டேன்.