நன்மை வாங்காத நான்கு ஆண்டுகள்

1

இந்தக் கதை அப்பா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது. அம்மா இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். தம்பியும் தங்கையும் அடுத்த அறையில் அம்மாவின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். தோல் அறுந்துவிடாமல் சுற்றிச் சுற்றி உரித்தபடி, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் அப்பா சொன்னார்:

"உன்மேல இருந்த வருத்தத்துலதான் நாலு வருஷம் அவ நன்மை வாங்கல."

(கத்தோலிக்கக் கோயில் பழக்கம் இல்லாத வாசகருக்கு: நன்மை வாங்குவது என்றால் பூசையின்போது வரிசையில் போய் அப்பத்தை நாக்கில் பெற்றுக்கொள்வது. அது ஆண்டவரின் உடல் என்பது அம்மாவின் நம்பிக்கை. மனதில் பகையோ பெரும் பாவமோ இருந்தால் வாங்கக் கூடாது என்பதும் அவளுடைய நம்பிக்கைதான்.)

தினமும் காலை ஆறு மணிப் பூசைக்குப் போனவள். நாலு வருஷம், எல்லோரும் எழுந்து போகும்போது இவள் மட்டும் முழங்காலில் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் கோயிலுக்குப் போவதை விட்டு அதற்குள் வெகுகாலம் ஆகியிருந்தது.

2

தொடக்கங்கள்.

'என் அம்மா ஒரு பக்தியுள்ள மனைவி, பாசமுள்ள தாய்.' [அடித்துவிட்டேன். நினைவு அட்டையின் பின்பக்கத்தில் இது ஏற்கெனவே அச்சாகிவிட்டது.]

'விடியலின் முதல் மணியோசையில் கண்விழிக்கும் அவள்' [பொய். அவளை எழுப்பியது அப்பாவின் குறட்டை.]

'அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் துணி அறையில் இருபத்தாறு வருஷம் தைத்தாள்.' [இது நிற்கட்டும்.]

நீளமான அறை, ஐந்து தையல் இயந்திரங்கள். உயரத்தில் ஒரு ஜன்னல். அதில் நடப்பவர்களின் கால் மட்டும் தெரியும். சலவையிலிருந்து சூடாக வந்து விழும் துணிகளில் கிழிந்தவை இவர்களிடம் வரும். படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் நைந்துபோகும். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, உறுதியான ஓரங்கள் நடுவுக்கு வரும்படி மாற்றித் தைப்பாள். இன்னும் இரண்டு வருஷம் தாங்கும். (இதை உவமையாக்க என் கை துறுதுறுக்கிறது. மாட்டேன். அது விரிப்புதான்.)

தைக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். அதனால் கூட வேலை செய்த பெண்கள் அவளுக்கு 'ஜெபம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். சொல்லிக்கொண்டிருக்கும் 'அருள்நிறைந்த மரியே' ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கடவுளைவிடக் கம்பிவடத்தை நம்புகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே வா என்று அவள் ஒருநாளும் இழுத்ததில்லை. காலையில் அவர் கிளம்பும்போது நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவாள். கயிறு புதுசுதான், பயப்படாதே என்பார் அவர். கயிற்றுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன் என்பாள்.

3

எனக்கு இருபத்து நாலு வயதில் ஐந்து மாதக் கரு கலைந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். யார் வந்து பேசினாலும் திரும்பவில்லை. அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்தாள். மூன்றாம் நாள், மடிப்பதை நிறுத்தாமல், அப்பாவிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னாள்.

தம்பிக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஒன்றரை நாள் உயிரோடு இருந்தது. பிழைக்காது என்று தெரிந்ததும் சாமியாருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவர் வருவதற்குள் மூச்சு திணற ஆரம்பித்துவிட்டது. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறைக்கல்வியில் படித்தது அம்மாவுக்கு நினைவிருந்தது. செவிலி அந்தப் பக்கம் போன நேரத்தில், மாத்திரை விழுங்க வைத்திருந்த தம்ளர் தண்ணீரை எடுத்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லித் தலையில் ஊற்றினாள். ஒரு பெயரும் வைத்தாள்.

குழந்தையின் தலையில் கம்பளிக் குல்லாய் இருந்தது. அவசரத்தில் அதைப் பாதிதான் தள்ளினாள். தோலில் தண்ணீர் படாவிட்டால் ஞானஸ்நானம் செல்லாது. தண்ணீர் தோலில் பட்டதா, கம்பளி குடித்துவிட்டதா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு சாமியாரிடம் கேட்டபோது, கடவுள் அவ்வளவு கறாரானவர் இல்லை அம்மா என்றாராம்.

"அவர் சொன்னா சரிதான்," என்றாள் அம்மா. "ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்துகிட்டேதான் இருக்கு. அதோடயே எந்திரிச்சு, சமைச்சு, உங்களையெல்லாம் வளத்தேன். நீயும் எந்திரிச்சிருவ."

பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். நான் எழுந்தேன்.

4

இரண்டு வருஷம் கழித்து அதை எழுதினேன்.

என்னுடையதை எழுத எனக்குத் துணிவில்லை. அவளுடையதை எழுதினேன். தம்ளர், குல்லாய், எல்லாம். பெயரைக்கூட மாற்றவில்லை, வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் வாக்கியம் நொண்டியது. முடிவு மட்டும் என் கைச்சரக்கு. என் கதையில் அந்தப் பெண் குல்லாயை அடுப்பில் போட்டுவிட்டு, அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுகிறாள். பத்திரிகை ஆசிரியர் துணிச்சலான முடிவு என்று பாராட்டிக் கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தை வெகுநாள் கைப்பையில் வைத்திருந்தேன்.

(அந்தப் பெயரை இங்கே தேடாதீர்கள். இந்த முறை எழுதப்போவதில்லை.)

படித்தாயா அம்மா என்று தொலைபேசியில் கேட்டேன்.

"படிச்சேன்டி. நல்லா எழுதியிருக்க. எழுத்து கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் பேசினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், ரவிக்கை தைத்து அனுப்பினாள். அளவு எப்போதும்போல் கச்சிதமாக இருந்தது. கோபமாக இருப்பவள் தைத்த ரவிக்கை எங்காவது இறுக்கிப் பிடிக்காதா? [இந்த வாக்கியம் கதைக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் நான் பலமுறை யோசித்தது இதைத்தான்.]

5

ஆரஞ்சைப் பாதியாக்கி என்னிடம் நீட்டிவிட்டு அப்பா மீதியைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் கவனித்து அவரிடம் சொல்லியிருக்கிறார்: உங்கள் வீட்டுக்காரம்மா இப்போதெல்லாம் நன்மை வாங்குவதில்லையே. அப்பாவுக்கு இதெல்லாம் விளங்காது. உடம்புக்கு ஏதாவதா என்று அவளிடம் கேட்டிருக்கிறார்.

"மனசுல ஒருத்தி மேல வருத்தத்த வச்சுக்கிட்டு எப்படிங்க போய் வாங்குறது?"

அம்மா சொன்னது இந்த ஒரே வரி. அந்த ஒருத்தி நீதான் என்றார் அப்பா. பிறகு ஒருநாள் திரும்பவும் வாங்க ஆரம்பித்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம், புதன்கிழமை. அன்று பள்ளிப் பிள்ளைபோல நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, வாங்கிட்டேன் என்றாளாம்.

இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். அவர் விதையைத் துப்பிவிட்டு, நானே தனியாக எத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிவது என்றார்.

6

இங்கே கதையை முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் துணி அறைக்குப் போனேன். ஏன் போனேன்? எழுதுகிறவளின் மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் இயந்திரத்துக்குப் பக்கத்து இயந்திரம் கத்திரியக்காவுடையது. கழுத்தில் நாடா கட்டி எப்போதும் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருப்பதால் அந்தப் பெயர். அவரிடம் அப்பா சொன்னதைச் சொன்னேன். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

என் கதை வந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி அதை உரக்கப் படித்திருக்கிறாள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இது உங்கள் கதையா ஜெபம் என்று ஒருத்தி கேட்டாள்.

"உங்கம்மா நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டே சொன்னாங்க, எனக்கு மூணு பிள்ளைங்கதான், அப்படி ஒண்ணும் பிறக்கலன்னு," என்றார் கத்திரியக்கா. "அன்னைக்குச் சாயங்காலம் அறுவை சிகிச்சை அங்கிக்கு நாடாவத் தப்பான பக்கம் வச்சுத் தைச்சிருந்தாங்க. நான் பிரிச்சுக் கொடுத்தேன். பெத்த பிள்ளைய இல்லைன்னுட்டேனே அக்கான்னாங்க. அந்த ஒருத்தி நீ இல்லம்மா. அவங்களேதான்."

ஓய்வு பெறும் வாரம் அம்மாவின் இடத்துக்கு ஒரு புதுப்பெண் வந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை, இயந்திரத்துக்கு எண்ணெய் விடக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று சும்மா கேட்டாள்.

"நாலு," என்றாளாம் அம்மா. "ஒருத்தன் ஒன்றரை நாள் இருந்தான்." பெயரையும் சொன்னாளாம். எல்லோர் காதிலும் விழும்படி.

மறுநாள் புதன்கிழமை.

7

ஆகவே இரண்டு முடிவுகள்.

கத்திரியக்கா சொன்னது சரியென்றால், அம்மா நாலு வருஷம் மல்லுக்கு நின்றது தன்னோடு. அதில் நான் இல்லவே இல்லை. என்னைக் கதை வந்த அன்றே மன்னித்திருக்கலாம். மன்னிக்காமலே போயும் இருக்கலாம்.

அப்பா சொன்னது சரியென்றால், அந்தப் புதன்கிழமை நான் மன்னிக்கப்பட்டேன்.

அதனால்தான் உலகத்தில் எந்த மகளும் கேட்காததை நான் கேட்கிறேன்: அம்மா நாலு வருஷமும் என்மேல் கோபமாகவே இருந்திருக்க வேண்டும். தினமும் காலையில் முழங்காலில் இருந்தபடி என்னை நினைத்து நினைத்துக் கொதித்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் அவள் நினைவில் நான் இருந்தேன் என்றாவது ஆகும்.

இன்னொன்று. அந்தப் புதன்கிழமை பூசையில் நானும் இருந்தேன். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முடிவு எழுதச் சொல்வீர்களோ என்று தள்ளிப்போட்டேன்.

அம்மாவின் பிரிவுபசாரத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்தேன். அவளுக்கு முழங்கால் வலி, அதனால் கைபிடித்துக் கூட்டிப்போனேன். கோயில் பெஞ்சில் நான் நடைவழி ஓரத்தில், அவள் எனக்கு உட்பக்கம். நன்மை நேரத்தில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது வெறும் வரிசை. அவள் எழுந்தாள்.

"கொஞ்சம் நகருடி."

காலை ஒதுக்கினேன். அவள் என்னைக் கடந்து போனாள், வாங்கினாள், வந்து கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பும்போது வழியில் தக்காளி வாங்கினோம்.

அவள் என்னைக் கடந்தாளே, அந்த ஒரு நொடியை ஆறு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். இருக்கைகளுக்கு நடுவே இடம் குறுகல். யாராக இருந்தாலும் பக்கத்திலிருப்பவர் தோளைத் தொட்டுத்தான் கடக்க வேண்டும். 'ஊன்றினாள்' என்று எழுதினால் அது முழங்கால் வலி. 'அழுத்தினாள்' என்று எழுதினால் அது மன்னிப்பு. இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்தேன். ஒருமுறை அவளுக்காக முடிவு எழுதிய கை இது. வினைச்சொல்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசைக்குப் போகும் வழியில் அம்மா என் தோளில் கையை